ஜெபத்தில் கண் மூடாதவர்

எங்கள் பாடகர் குழுவில் ஜெபத்தின்போது கண்ணை மூடாத ஆள் ஒருவர் இருந்தார். போதகர் ஜெபித்தாலும் சரி, பிஷப்பே வந்து ஜெபித்தாலும் சரி, அவர் பாட்டுக்குக் கடைசி வரிசையில் நிமிர்ந்து நின்று எங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ராஜபாளையத்தில் இன்றைக்கும் சிலர் முகம் சுளிப்பார்கள். அது அவரை ஒன்றும் செய்யாது, எனக்குத்தான் கோபம் வரும். பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்ததால் மில்லுக்கார அக்கா என்போம். முதல் ஷிப்டு முடிந்து சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சிக்கு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அத்தனை வருடம் அந்த இரைச்சலில் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. காது மந்தமான ஆளுக்குப் பாடகர் குழுவில் என்ன வேலை என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். பக்கத்தில் நிற்பவளின் உதட்டைப் பார்த்துத்தான் பாடுவார். அதனால் நாங்கள் ஒரு வார்த்தையை முடித்த பிறகு அவர் அந்த வார்த்தைக்கு வந்து சேருவார். பழைய பாட்டு வாத்தியார் நல்ல மனிதர், "நீங்க மெதுவா வாங்கம்மா, நாங்க வாசல்ல நிக்கோம்" என்று சிரிப்பார். அக்காவும் சிரிப்பார்.

கண்ணை ஏன் மூடுவதில்லை என்று நானே ஒருநாள் கேட்டேன். அப்போது நான் குழுவின் செயலாளர். இருபத்திரண்டு வயதில் அந்தப் பதவி எனக்குக் கலெக்டர் பதவி மாதிரி.

"எல்லாரும் மூடிக்கிட்டா யாரு பாக்கது?" என்றார்.

"ஆண்டவர் பாக்காருல்லக்கா."

"அவரு மேலருந்து பாக்காரு. நா கீழருந்து பாக்கேன். இருக்கட்டுமே செக்கரட்டரியம்மா, ஒனக்கு என்ன நட்டம்?"

சும்மா சொல்லவில்லை. எங்கள் ஆண்குரல் வரிசையில் ஒரு பெரியவருக்கு வலிப்பு உண்டு. ஒருமுறை நீண்ட ஜெபத்தின் நடுவே தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டு எல்லாரும் கண் திறந்தோம். பெரியவர் தரையில் கிடந்தார், அவர் தலை அக்காவின் மடியில் இருந்தது. பெரியவரின் விரல்கள் இழுக்க ஆரம்பித்ததுமே அக்கா பார்த்துவிட்டு வரிசையைப் பிளந்துகொண்டு ஓடியிருக்கிறார். கல்தரையில் தலை மோதியிருந்தால் மண்டை பிளந்திருக்கும். அன்றைக்கு எல்லாரும் பாராட்டினோம். அடுத்த வாரமே, ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது பக்திக்குறைவு என்று இருவர் புகார் சொன்னார்கள். மனிதர்கள் அப்படித்தான்.

வருடத்துக்கு ஒருமுறை குழுவோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போவோம். அக்கா குளிக்க மாட்டார். பாறையில் எங்கள் துணிமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, யார் தண்ணீருக்குள் போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், நடுவில் அவர். பயிற்சி முடிந்து பெண்பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விடுவதும் அவர்தான். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிட மாட்டார். உள்ளே இருந்து யாராவது பெரியவர்கள் வந்து முகம் காட்ட வேண்டும். "வந்துட்டா, பாத்துக்கிடுங்க" என்று கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் நகருவார். எனக்கு அது வெட்கமாக இருக்கும். செயலாளரை ஒரு பார்சல் மாதிரி ஒப்படைக்கிறாரே என்று தோன்றும்.

கோயிலை ஒட்டிப் போதகர் அங்கி மாற்றுகிற சிறு அறை ஒன்று உண்டு. தனியாகப் பாடுகிறவர்களுக்கு அங்கேதான் ஆர்மோனியம் வைத்துப் பயிற்சி. ரோட்டில் லாரிச் சத்தம் என்று கதவைச் சாத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. அக்கா ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கதவிடுக்கில் போட்டு உட்கார்ந்துகொள்வார். கதவு சாத்தாது. யார் பாடினாலும், யார் சொல்லிக்கொடுத்தாலும் அந்த நாற்காலி அங்கே இருக்கும். பழைய வாத்தியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "காவக்காரம்மா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பார்.

பழைய வாத்தியார் காலமான பிறகு புது மாஸ்டர் வந்தார். எண்பத்தாறோ எண்பத்தேழோ, வருடம் சரியாக நினைவில்லை. அப்படி ஒரு குரலை நாங்கள் கேட்டதில்லை. மூன்று குரல்களாகப் பிரித்துப் பாட வைத்தார். ஆறே மாதத்தில் வட்டாரத்துக் கோயில்கள் எல்லாம் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நடத்திய பாடல் போட்டியில் எங்களுக்கு முதல் பரிசு. நாங்கள் அவர் காலடியில் விழாத குறை. நான் முதல் ஆள். அக்காவிடம் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் குரல் அவர் காதில் விழவே இல்லை, விழுந்தால்தானே மயங்குவதற்கு. நாற்காலியை எடுத்துக்கொண்டு கதவிடுக்குக்குப் போனார்.

"எதுக்கும்மா இது? எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நீங்க வாரதுக்கு முன்னயும் இங்கனதான் உக்காந்திருந்தேன் மாஸ்டர். ஒங்களுக்குன்னு போடல" என்றார் அக்கா.

ரூபி என்று ஒரு பெண். பத்தொன்பது வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. தாய் தகப்பன் இல்லாமல் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அவள் பாடினால் கோயிலில் விசிறிச் சத்தம்கூட அடங்கின மாதிரி இருக்கும். அவளுக்காகவே அக்கா ஒரு விதி வைத்திருந்தார். கோயிலிலும் சரி, அந்த அறையிலும் சரி, பெஞ்சு ஒரு சாண் நகரக்கூடாது. யாராவது இழுத்துப் போட்டால், "அந்தப் பிள்ளைக்கு வழி அதுதாம்ல, இழுக்காத" என்று சத்தம் போட்டுத் திரும்பப் பழைய இடத்தில் வைப்பார். வாசலிலிருந்து பெஞ்சு ஆறு எட்டு, பெஞ்சிலிருந்து ஆர்மோனியம் மூன்று எட்டு என்று ரூபிக்குக் காலே சொல்லும்.

உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு ரூபி தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று மாஸ்டர் முடிவு செய்தார். சனிக்கிழமை பொதுப் பயிற்சி முடிந்ததும் அவளை மட்டும் இருக்கச் சொல்வார். அக்கா நாற்காலியில் இருப்பார். ஒரு வாரம் மில்லில் அவருக்கு இரண்டாவது ஷிப்டு போட்டுவிட்டார்கள். வர முடியாது என்று என்னிடம் வந்து, "நீ செத்த நேரம் அந்த வாசல்ல இருந்துக்கோ, நாற்காலி பீரோவுக்குப் பின்னால இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சரி என்றேன். பயிற்சி முடிந்ததும் மாஸ்டர், "நீ போம்மா, நேரமாச்சு" என்றார். போய்விட்டேன். நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காருவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மில்லிலிருந்து ஓடி வந்திருக்கிறார். அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே தாழ்ப்பாள். தட்டித் தட்டித்தான் மாஸ்டர் திறந்தார். பெஞ்சுகள் இடம் மாறிக் கிடந்தன. ரூபி சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, மில்லுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறார். வழியில் ரூபி சொன்னது இவ்வளவுதான்: "வாசல் எங்கன இருக்குன்னு தெரியலக்கா. தேடித் தேடிப் பாத்தேன். பக்கத்துல பக்கத்துல வந்தாவ."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அக்கா இதை முதலில் என்னிடம்தான் சொன்னார். செயலாளர் அல்லவா. நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே மாஸ்டரிடம் போய், "இப்படிப் பேசுறாங்க மாஸ்டர், நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்று சொன்னேன். அவர் அழுதார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்ததை இப்படித் திரிக்கிறார்களே, இனி இந்த ஊரில் நான் எப்படிப் பாட்டு நடத்துவேன் என்றார். பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. மாஸ்டர் போய்விடுவார் என்ற செய்தி பரவியதும் குழுவே பதறியது. அவர் அழுததை நாலு பேர் பார்த்தார்கள். ரூபி அழவில்லை, அதனால் அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தால் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நற்கருணைக்கு முன் கைகொடுத்துச் சமாதானம் ஆக வேண்டும். மாமியார் மருமகள், அண்ணன் தம்பி என்று எத்தனையோ பேர் அப்படிக் கைகொடுத்து அழுததைப் பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கம்தான். ஆனால் இதையும் நாங்கள் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம். போதகர் ஐயா, குழுவின் மூத்தவர்கள், நான் எல்லாரும் கூடி, இரண்டு பேருக்குள் வந்த மனத்தாங்கலை ஆறப்போடுவது என்று முடிவு செய்தோம். யார் வாயிலும் வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அதே அறையில் கூடினோம். மாஸ்டர் ஒரு பக்கம் நின்றார். ரூபி எதிர்ப்பக்கம். மாஸ்டர் எங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாது என்பதால் யாராவது கூட்டிப்போக வேண்டும். நான்தான் போனேன். அவள் கையைப் பிடித்தேன். அவள் என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கையைக் கொண்டுபோய் மாஸ்டரின் கையில் வைத்தேன். "மன்னிச்சிருங்க மாஸ்டர்" என்று அவள் சொன்னாள். அப்படிச் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

அடுத்து அக்காவின் முறை. அவர் கையை நீட்டவில்லை.

"சண்ட போட்டவியதான் சமாதானம் ஆவணும். நா சண்ட போடலயே ஐயா. கதவத் தொறந்து வைங்கன்னு சொன்னேன், அம்புட்டுத்தான்."

"மனசுல கசப்ப வச்சுக்கிட்டு இன்னைக்கு நற்கருணை எடுக்கக்கூடாதும்மா" என்றார் போதகர்.

"சரிங்கய்யா. எடுக்கல."

எல்லாரும் பீடத்துக்குப் போய் முழந்தாளிட்டபோது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஒரு நற்கருணைகூடத் தவறவிடாத மனுஷி. திரும்பி நடக்கையில் பார்த்தேன், கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டோம். பதிவேட்டில் அந்தப் பெயரின்மேல் கோடு போட்டது என் பேனா.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று ரூபி எழுந்து நின்றாள். ஆர்மோனியம் ஆரம்பித்தது. அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வாசித்தார்கள், அப்போதும் வரவில்லை. பிள்ளைக்குத் திமிர் என்று பேசிக்கொண்டோம்.

குழுவில்தான் இடமில்லை, கோயிலுக்கு வர யார் தடுக்க முடியும்? அக்கா சனிக்கிழமை தவறாமல் வந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் யாரையாவது தனியாகக் கூப்பிட்டால் எழுந்து வந்து அறை வாசலில் நிற்பார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. மழை பெய்தாலும் நிற்பார். மாஸ்டரால் தாங்க முடியவில்லை. ஒரு வருடம் முடிவதற்குள், ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

போகிற இடத்துக் கோயிலில் கொடுப்பதற்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டார். போதகர் ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இசையறிவு, நேரம் தவறாமை என்று நாலு வரி. கையெழுத்துக்குக் கொண்டுபோகுமுன் வாசித்துப் பார்த்தேன், மொட்டையாக இருந்தது. நானாகவே ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: 'பிள்ளைகளிடமும் எளியவர்களிடமும் மிகுந்த அன்போடு பழகுபவர்.' ஐயா வாசித்துவிட்டு, அழகாக எழுதியிருக்கிறாய் என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்கு மறு வருடம் எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்குவதைப் பார்த்தேன். பின்னால் ரூபி, அக்காவின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு. ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். இந்த ஊர்க் கோயிலில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருப்பது தெரிந்து, வாராவாரம் ரூபியைக் கூட்டி வருகிறாராம். ஏழெட்டு மாதமாக.

"பாடுதாளா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. வந்து உக்காந்துட்டுப் போறா. வரும்போது வரட்டும்."

அன்று நானும் கூடவே போனேன். அக்கா வாசலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் ரூபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேச வேண்டுமே என்று, "என்மேல கோவமா ரூபி?" என்று கேட்டேன்.

"கோவம் இல்லக்கா. அன்னைக்கு நீங்க வந்து கையப் பிடிச்சிய பாருங்க, என்னைய வெளிய கூட்டிட்டுப் போறியன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு நான் பல நாள் தூங்கவில்லை. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சில வாரம் கழித்து அக்கா என் வீட்டுக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை.

"ஏட்டி, அந்த மாஸ்டர் எந்த ஊருக்குப் போனாவ? ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்லா."

"எதுக்குக்கா? தொலைஞ்சது விடுங்க."

"நமக்குத் தொலஞ்சது. இங்கருந்து நாந்தான வெரட்டுனேன். அங்க வாசல்ல யாரு நிப்பா?"

ஊரைச் சொன்னேன். ஐந்து மணி நேரப் பயணம். நீயும் வாரியா என்று கேட்டார். மாமனார் வீட்டில் கேட்க வேண்டும், அது இது என்று இழுத்தேன். அவர் தனியாகவே போய்விட்டு வந்தார். வந்ததும் என் வீட்டுக்குத்தான் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நல்லா மரியாதையா உக்கார வச்சாவ. காப்பி குடுத்தாவ. பூராவும் கேட்டுட்டு, பீரோவத் தொறந்து ஒரு கடுதாசிய எடுத்து நீட்டுனாவ. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனா ஒன் எழுத்து தெரியும்லாட்டி. கடைசி வரியத் தொட்டுக் காட்டி, இதுக்கு என்னம்மா சொல்லுதிய, இது ஒங்க கோயில் கடுதாசிதானன்னு கேட்டாவ."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். அந்தக் கோயில் அலுவலகத்தில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். கடிதத்தை எனக்கு முன்னால் வைத்தார்கள். கடைசி வரி பொய் என்று சொன்னேன். கதவு, பெஞ்சு, சன்னல் கம்பி, நான் பிடித்துக் கொடுத்த கை எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப ஏம்மா எழுதுனீங்க?" என்று ஒருவர் கேட்டார். கடிதம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எழுதினேன் என்றேன். அதுதான் உண்மை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரிக்கிறோம், மாஸ்டரை நிறுத்திவைக்கிறோம் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி ரூபி முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு, அக்கா ஏதாவது பாராட்டிச் சொல்வார் என்றுகூடக் காத்திருந்தேன். அவர் முன்சீட்டின் கம்பியைப் பிடித்தபடி எதையோ யோசித்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இந்த ஒரு வருசமா அந்தக் கோயில்ல மாஸ்டர்ட்ட யாரு யாரு தனியாப் பாடிப் படிச்சாவன்னு கேக்காமலே வந்துட்டமே."

அவர் எழுந்து கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நின்றோம்.